வாயசைப்பு

ரிக்கார்டிங் தியேட்டரின் வாசலில் சிவப்பு விளக்கு எரியும்போது எவனும் உள்ளே நுழையக் கூடாது. படத்தின் முதலாளியே வந்தாலும் வெளியே வேப்பமரத்தடியில் நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அன்றைக்கு அந்த விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே கதவைத் தள்ளித் திறந்துகொண்டு விக்டோரியா உள்ளே வந்துவிட்டாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வயலின்காரர்கள் வில்லை அப்படியே நிறுத்தினார்கள். பாடிக்கொண்டிருந்தவர் பாதி அடியில் வாயை மூடினார். ஒலியைக் கலக்கும் பானலின் முன்னால் உட்கார்ந்திருந்த மோசஸ் காதிலிருந்து ஹெட்ஃபோனைப் பிடுங்கி மேசைமேல் எறிந்தான்.

“யாருய்யா அது? வாசல்ல ஆள் இல்ல?”

“நான்தான் மாமா. ஒங்க தம்பி பொண்டாட்டி. வெளிய நிக்கச் சொன்னான் ஒங்க ஆளு. நின்னு நின்னு காலு கடுத்துப்போச்சி.”

மோசஸுக்குச் சுருக்கென்றது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அத்தனை பேரும் அவளுடைய அழுக்குப் புடவையையும், புழுதி படிந்த காலையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “அஞ்சு நிமிஷம்” என்று மைக்கில் சொல்லிவிட்டு அவளை வெளியே கூட்டிக்கொண்டு வந்தான்.

அந்த எழுபத்தெட்டாம் வருஷத்தில் கோடம்பாக்கத்தில் மோசஸ் என்றால் ஒரு மதிப்பு இருந்தது. பட்டம் கிடையாது, டிப்ளமோ கிடையாது. பொன்னேரியில் மைக் செட் கடையில் பேட்டரி தூக்கினவன். கல்யாணமோ கட்சிக் கூட்டமோ சர்ச் கன்வென்ஷனோ, பனைமரத்தில் ஏறி ஹாரன் கட்டினவன். அறுபதுகளின் ஆரம்பத்தில் கேபிள் இழுக்கிற ஆளாகத்தான் ஸ்டூடியோவுக்குள் நுழைந்தான். அப்பனும் அம்மாவும் அடுத்தவன் கழனியில் குனிந்த முதுகு நிமிராமலே செத்தவர்கள். அவர்கள் விட்டுவிட்டுப் போனது ஒரு காது. முப்பது வாத்தியம் ஒன்றாக முழங்கும்போது எந்த வயலின் தந்தி இறங்கியிருக்கிறது என்று பிரித்துச் சொல்லும் காது. எந்த மைக்கை எவ்வளவு ஏற்ற வேண்டும், எதை எங்கே அமுக்க வேண்டும் என்று அவன் விரலுக்குத் தெரியும். பெரிய பாடகர்கள் “மோசஸ் இருக்கானா?” என்று கேட்டுவிட்டுத்தான் தேதி கொடுத்தார்கள். அவன் மிக்ஸ் செய்த பாட்டு ரேடியோவில் வந்தால் சைக்கிள் கடைக்காரன்கூட எழுந்துபோய்ச் சத்தத்தைக் கூட்டுவான்.

அப்படிப்பட்டவனைப் பார்த்து வேப்பமரத்தடியில் விக்டோரியா கேட்டாள்:

“ஒங்க தம்பிய வேலைய உட்டுத் தூக்கறாங்க. தெரியுமா மாமா?”

“கிரேன் விஷயந்தான? கூட வேலை பாக்கற ராஜமாணிக்கம் கால் நசுங்கிப்போச்சின்னு கேள்விப்பட்டேன். அதுக்கு இவன் இன்னா பண்ணான்?”

“மணி அடிச்சிக்கீறான் கிரேன்காரன். இவுரு நகரல. சடக்குனு கிரேன திருப்பனதுல இரும்புக் கட்டி அந்தாண்ட நின்ன ராஜமாணிக்கம் காலு மேல எறங்கிடுச்சி. குடிச்சிட்டு நின்னாருன்னு எழுதிக்கீறாங்க. இவுரா குடிக்கறாரு? கிறிஸ்மசுக்குக்கூட தொடமாட்டாரு.”

“அப்பறம் ஏன் நகரல?”

விக்டோரியா அவனை ஒரு பார்வை பார்த்தாள்.

“காது கேக்கல மாமா. அந்த இரும்பு அடிக்கற ஹேமர் மிசினு அடிச்சி அடிச்சி காது போயி ரெண்டு வருசமா ஆவுது. ஒங்களுக்குத் தெரியாது? ஊரு பாட்டெல்லாம் கேட்டுக் கேட்டு சரி பண்றீங்க. கூடப் பொறந்தவன் செவுடுன்னு ஒங்களுக்குக் கேக்கல?”

மோசஸுக்கு எரிச்சல் வந்தது. வருஷத்துக்கு இரண்டு தடவை தம்பி ஆசீர்வாதத்தைப் பார்க்கிறான். தம்பி கத்திப் பேசுவான். கத்தாத தொழிலாளி எங்கே இருக்கிறான்? அண்ணன் பேசும்போது கண்ணெடுக்காமல் அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தான் மோசஸ்.

“சரி, காது கேக்கலன்னு விசாரணைல சொல்றதுதான?”

“சொன்னாரு. அதுக்குத்தான் ஒங்க படத்தப் போட்டாங்க.”

“எந்தப் படம்?”

“எந்தப் படமா? போன வருசம் கம்பெனிக்காரங்க எடுத்தாங்களே, நீங்க சத்தம் போட்டுக் குடுத்தது. அதுல பெரிய ஆபீசரு ஹேமர்கிட்ட வந்து ‘எப்படிப்பா இருக்கே’ன்னு கேக்கறாராம். இவுரு ஒடனே ‘நல்லா இருக்கோம் சார், இந்தக் கம்பெனி எங்க வீடு மாதிரி’ன்றாராம். காது கேக்காதவன் எப்படிடா பதில் சொல்லுவான்னு கேட்டாங்களாம். ரெண்டு பேரும் எவ்ளோ சாவகாசமா பேசறாங்க, இந்தச் சத்தத்துக்கா காது போச்சின்னு கேட்டாங்களாம்.”

“அவன் இல்லன்னு சொல்லலியா?”

“இல்லன்னா சொன்னாரு? கைதட்டனாரு மாமா!” அவள் குரல் உடைந்தது. ஆனால் அழவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். “‘ஆமா, நான் சொன்னதுதான், அதான் நெசம், எழுதிக்கோங்க’ன்னு கையெழுத்தும் போட்டுக் குடுத்துட்டு வந்தாரு. ஊட்டுக்கு வந்து கறி எடுத்துக்கினு வான்னாரு. கேசு ஜெயிச்சிட்டோமாம்.”

“ஏன்?”

“அவுருக்கு எங்க சத்தம் கேட்டுது? வாயத்தான் பாத்தாரு. படம் எடுக்கும்போது அவுரு சொன்னது வேற. ‘நீ இன்னா கேக்கறன்னே தெரில சார். என் காது போயி ரொம்ப நாளாச்சி. இங்க எவனுக்கும் கேக்காது.’ இதான் அவுரு சொன்னது. அந்த வாயிதான் படத்துலயும் கீது. தான் சொன்னத கம்பெனிக்காரனே போட்டுக் காட்டறானேன்னு சந்தோசப்பட்டுட்டாரு அந்த மனுசன்.”

மோசஸ் தியேட்டர் கதவைத் திரும்பிப் பார்த்தான்.

“சங்கத்துக்காரரு சொல்றாரு, படத்துல கேட்டது அசல் ஆசீர்வாதம் கொரலேதானாம். அதான் கேட்டுட்டுப் போவலாம்னு வந்தேன். அந்தக் கொரலு யாருது மாமா? ஒரே வயித்துல பொறந்தவன் கொரலு வேற எவன்கிட்ட இருக்கும்?”

உள்ளேயிருந்து உதவி ஆள் வந்து, எல்லாரும் காத்திருக்கிறார்கள் என்றான். “இன்னிக்கு அவ்ளோதான். போகச் சொல்லு” என்றான் மோசஸ். அவன் வாழ்க்கையில் பாதியில் கலைத்த முதல் ரிக்கார்டிங் அது.

---

அது இவன் குரல்தான்.

புதுவாயலைத் தாண்டி இருந்த, இரும்பைப் பழுக்கக் காய்ச்சி அடிக்கும் கோமளா ஃபோர்ஜிங் கம்பெனி, தன் பெருமையைச் சொல்லி ஒரு சின்னப் படம் எடுத்தது. சத்தமும் சங்கீதமும் சேர்த்துத் தரும் வேலை மோசஸிடம் வந்தது. தம்பி வேலை பார்க்கும் கம்பெனி என்பதால் ஒரு நாள் அவனே மைக்கைத் தூக்கிக்கொண்டு போனான். ஹேமர் ஷெட்டுக்குள் காலை வைத்தான். பழுத்த இரும்பின்மேல் ஹேமர் விழுந்தது. நெஞ்சுக்கூட்டுக்குள் யாரோ கையை விட்டு உலுக்கியது போல் இருந்தது. டேப் ரிக்கார்டரின் முள் கடைசிக்குப் போய் அங்கேயே ஒட்டிக்கொண்டது. மைக்கைச் சாக்கில் சுற்றிப் பார்த்தான், ஷெட்டுக்கு வெளியே கொண்டுபோய்ப் பார்த்தான், கம்பவுண்டுச் சுவருக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். எல்லாம் ஒரே கிழிசல். காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு திரும்பி வந்தவனுக்கு அதன் பிறகும் காதுக்குள் வண்டு ரீங்காரம் போட்டுக்கொண்டே இருந்தது. பயந்துபோய், அது நிற்கும்வரை எந்தப் பாட்டிலும் கை வைக்காமல் ஓய்வெடுத்தான். காதுதானே அவன் சோறு. தம்பி அதே இடத்தில் தினமும் ஒரு ஷிப்டு நிற்கிறான் என்ற நினைப்பு அன்றைக்கு வரவில்லை. வந்திருந்தால் என்ன செய்திருப்பான் என்பதும் தெரியவில்லை.

உண்மையான ஹேமர் உதவாது என்று ஆனதும், ஸ்டூடியோவில் தண்டவாளத் துண்டு ஒன்றைச் சுத்தியால் தட்டிப் பதிவு செய்தான். அந்த அடியை வெட்டி ஒட்டி, தபலாவின் தாளத்துக்குச் சரியாக விழும்படி செய்தான். மேலே வீணை, அதற்கும் மேலே வர்ணனைக் குரல். கேட்டவர்கள் மெய்மறந்தார்கள். ஹேமரே சங்கீதம் கற்றுக்கொண்டுவிட்டது என்று சங்கீதக்காரர் தோளில் தட்டினார்.

கடைசியில் தம்பி பேசும் இடம். படம் எடுத்தவர், சத்தம் பதிவாகாது, எதையாவது சொல்லி வாயை மட்டும் அசைத்தால் போதும் என்று சொல்லித்தான் எடுத்திருந்தார். அந்தத் துண்டு ஃபிலிமை வளையமாக ஒட்டித் திரையில் திரும்பத் திரும்ப ஓடவிட்டார்கள். பேச வேண்டிய நடிகனுக்குப் பொன்னேரிப் பக்கத்துப் பேச்சு வரவில்லை. மோசஸ் எழுந்து தானே மைக்கின் முன்னால் நின்றான். தம்பியின் உதடு எங்கே மூடுகிறது, எங்கே திறக்கிறது என்று பார்த்து அதற்கேற்றபடி சொல்லைப் பொருத்தினான். “எங்க ஊடு மாதிரி” என்றுதான் முதலில் சொன்னான். கம்பெனியின் பெரிய அதிகாரி துளசிராமன் கூடவே இருந்தார். “வீடுன்னு சொல்லுங்க, ஊடு வேண்டாம்” என்றார். மாற்றிச் சொன்னான். படத்தில் அதிகாரியாக வருவதும் துளசிராமன்தான். தன் பங்கை அவரே பேசினார்: “இவர்தான் எங்கள் ஹேமர் கூடத்தின் முதுகெலும்பு.” உதடு அவருக்குச் சரியாகப் பொருந்தவில்லை. பரவாயில்லை, யார் பார்க்கப்போகிறார்கள் என்று சிரித்தார்.

தம்பி உண்மையில் என்ன சொல்கிறான் என்று மோசஸ் கேட்கவில்லை. வாயைத்தான் அளந்தான்.

---

விக்டோரியாவைக் காரில் ஏற்றிக்கொண்டு கல்கத்தா ரோட்டில் போனான். புதுவாயலில் தம்பியின் வீட்டு முன்னால் இறங்கியபோது ஆசீர்வாதம் ரோட்டோரத்தில் நின்றுகொண்டிருந்தான். எதிர்ப்பக்கம் டீக்கடையில் ஷெட்டு ஆள் ஒருவன். இடையில் லாரிகள் அலறிக்கொண்டு போயின. அந்த ஆள் சத்தமே இல்லாமல் வாயைக் கோணலாக அசைத்தான். ஆசீர்வாதம் விழுந்து விழுந்து சிரித்தான். திருப்பி இவனும் வாயை அசைத்தான். அந்த ஆள் டீ கிளாசை வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

“இன்னாடா சொல்றான்?” என்றான் மோசஸ்.

“ஃபோர்மேன் பொண்டாட்டியப் பத்தி ஒரு விசயம். ஒனக்கு வோணாம்ணா. நீ பெரிய மனுசன்.”

“ரோட்டுக்கு அந்தாண்டலேந்தா?”

“ஷெட்டுல இப்டித்தாண்ணா பேசுவோம். வாயத் தொறந்து கத்தனா தொண்டதான் கிழியும். மேஸ்திரிய மூஞ்சிக்கி நேரா நாறத்தனமாத் திட்டுவோம். அவனுக்கு ஒன்னியும் தெரியாது. தலைய ஆட்டிக்கினு போவான்.”

இந்தக் கம்பெனிகளெல்லாம் இந்தப் பக்கம் வருவதற்கு முன்பே மோசஸ் ஊரை விட்டுப் போய்விட்டான். சொந்தத் தம்பியும் அவன் கூட்டாளிகளும் பேசும் இந்தப் பேச்சு அவனுக்குத் தெரியாது.

“படத்துல ஏண்டா அப்டிச் சொன்ன? சத்தம் வராதுன்னு சொல்லித்தான எடுத்தாங்க?”

“அவன் சொன்னான். சத்தம் போடறது யாரு? நீதான? அந்த ஆபீசரு மூஞ்சிக்கி நேரா நம்மளால வேற எப்டிச் சொல்ல முடியும்? படத்துல சொல்லிட்டா, எங்கண்ணன் கண்டுபுடிச்சி எடுத்துப் போட்டுடுவான்னு நெனச்சேன்.” அதை அவன் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்வது போலச் சொன்னான். “ஒன் காதுக்குத் தப்புமா?”

அந்த இடத்தில் மோசஸை யாராவது செருப்பால் அடித்திருந்தால் தேவலை என்றிருந்தது.

“எப்போ ஆர்டரு?” என்று விக்டோரியாவைக் கேட்டான்.

“ஆயுத பூசை முடிஞ்ச கையோட குடுத்துருவாங்களாம். அப்பால இந்தப் பக்கம் எந்தக் கம்பெனிலயும் கேட்டுல நிக்க வெக்கமாட்டான். குடிகாரன்னு பேர் வெச்சிட்டாங்க இல்ல?”

---

துளசிராமன் அவனை எழுந்து நின்று வரவேற்றார். மின்விசிறியை வேகமாக வைக்கச் சொன்னார்.

“மிஸ்டர் மோசஸ்! ஆயுத பூஜைக்கு உங்களுக்குச் சால்வை போடறோம். கடிதம் வந்துதா? இந்த மண்ணுல பொறந்து இவ்வளவு உயரம் போனவர் நீங்க.”

“அந்தப் படத்துல பேசனது என் தம்பி இல்ல சார். நான்.”

“தெரியுமே. நான்தான் பக்கத்துல இருந்தேனே.”

அவ்வளவு நிதானமாக அவர் அதைச் சொன்னதும் மோசஸுக்கு ரத்தம் தலைக்கேறியது.

“தெரிஞ்சேவா விசாரணையில போட்டீங்க?”

“நான் போட்டேன். உங்க தம்பிதான் ஒத்துக்கிட்டு கையெழுத்துப் போட்டார். நான் என்ன செய்ய?”

“நான் வந்து சொல்றேன். ஹேமர் சத்தமே பொய், பேச்சும் பொய், எல்லாத்தையும் நான்தான் செஞ்சேன்னு சொல்றேன்.”

“சொல்லுங்க. விசாரணை அதிகாரி திருவள்ளூர் வக்கீல் கிருஷ்ணஸ்வாமி. நல்ல மனுஷர். முதல்ல என்ன கேப்பார் தெரியுமா? பொய்யைச் செஞ்சு பிழைக்கிறவன் நீ, இப்போ சொல்றது மட்டும் எப்படி உண்மை? அண்ணன் தம்பிக்காகச் சொல்லாம வேற யாருக்குச் சொல்லுவான்?” துளசிராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “உணர்ச்சிவசப்படாதீங்க. பூஜையன்னிக்குப் படத்தைக் குடும்பங்களுக்கும் போட்டுக் காட்டறோம். சவுண்டை நீங்களே பாத்துக்கிட்டா கௌரவமா இருக்கும்.”

மோசஸ் எழுந்தான். கையை மேசையில் ஓங்கிக் குத்த வேண்டும் போலிருந்தது. குத்தினால் அதையும் எழுதிக்கொள்வார்கள். அவர் சொன்னதில் இருந்த உண்மைதான் அவனை அதிகம் எரித்தது. இவன் சொல்லை எவன் நம்புவான்? இவன் தொழிலே அதுதான். தப்பு சுருதியை மறைத்தான், இருமலை மறைத்தான், வராத மழையைப் பெய்யவைத்தான். பத்துப் பதினைந்து வருஷமாக அதற்குத்தான் பேரும் புகழும்.

கதவுவரை போய்விட்டுத் திரும்பினான்.

“சவுண்டை நானே பாத்துக்கறேன் சார்” என்றான்.

---

கேன்டீன் கூடத்தின் ஜன்னல்களைச் சாக்குப் போட்டு மூடியிருந்தார்கள். பூசணிக்காய் உடைத்த இடத்தில் குங்குமமும் சதையும் காலில் மிதிபட்டுக்கொண்டிருந்தன. முன்னால் நாற்காலிகளில் அதிகாரிகள், வக்கீல் கிருஷ்ணஸ்வாமி. அவர்களுக்குப் பின்னால் தரையில் ஷெட்டு ஆட்கள். அதற்கும் பின்னால் பொரியும் சுண்டலும் மடியில் வைத்துக்கொண்டு பெண்கள், பிள்ளைகள். ஒரு ஓரத்தில் கட்டைக் கோலை ஊன்றியபடி ராஜமாணிக்கம். ஆசீர்வாதத்தைக் கேட்டில் நிறுத்தப் பார்த்தார்கள். மோசஸ் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தான். சால்வை வாங்கப்போகும் ஆளை யார் தடுப்பது?

சால்வையைப் போட்டார் துளசிராமன். கைதட்டினார்கள். மோசஸ் அதை மடித்துப் புரொஜக்டர் மேசைமேல் வைத்துவிட்டு, ஓட்டுகிறவனைத் தள்ளிப் பக்கத்தில் நின்றுகொண்டான்.

படம் ஓடியது. வீணை எழுந்தது, தபலா சேர்ந்தது, தாளம் தப்பாமல் ஹேமர் விழுந்தது. பெண்கள் ஆச்சரியமாகப் பார்த்தார்கள். தங்கள் புருஷன்மார் வேலை இவ்வளவு அழகாக இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியாது. “எங்க ஊட்டுக்காரரு இன்னாத்துக்கு தெனம் தலவலின்னு வந்து உழறாரு?” என்று ஒருத்தி கேட்டாள்.

துளசிராமன் திரையில் ஹேமரை நோக்கி நடந்துவந்தார். மோசஸ் சத்தத்தின் குமிழைக் கடைசிவரை திருகி அடைத்தான்.

கூடத்தில் புரொஜக்டரின் கடகடப்பு மட்டும். பின்னால் பிள்ளைகள் “சத்தம் போச்சி” என்று கூச்சலிட்டார்கள். தரையில் உட்கார்ந்திருந்த ஷெட்டு ஆட்களுக்குச் சத்தம் போனதே தெரியாது. அவர்கள் திரையில் இருந்த வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“இன்னா சொல்றான், உரக்கச் சொல்லுங்கடா!” என்று மோசஸ் ஷெட்டு ஆட்களில் பக்கத்தில் இருந்த ஒருவனின் தோளைத் திருப்பி, முகத்துக்கு நேராகச் சொன்னான்.

திரையில் ஆசீர்வாதத்தின் முகம் பெரிதாக வந்தது. ஒருவன் ஆரம்பித்தான். அடுத்தவன் சேர்ந்துகொண்டான். அப்புறம் வரிசை முழுக்க, தங்கள் சத்தம் தங்களுக்கே கேட்காத ஆட்களின் கட்டுப்பாடில்லாத குரலில், முன்னும் பின்னுமாக:

“நீ இன்னா... கேக்கறன்னே... தெரில சார். என் காது போயி... ரொம்ப நாளாச்சி. இங்க எவனுக்கும் கேக்காது!”

கிருஷ்ணஸ்வாமி நாற்காலியில் திரும்பி உட்கார்ந்தார். பின்னால் பெண்கள் நடுவில் விக்டோரியா எழுந்து நின்றாள்.

படம் நிற்கவில்லை. திரையில் துளசிராமன் ஆசீர்வாதத்தின் தோளைத் தொடாமல் தொட்டு, கேமரா பக்கம் திரும்பிச் சிரித்தபடி ஏதோ சொன்னார். முதுகெலும்பு என்று அவர் பிறகு வந்து பேசிய இடம் அது. ஷெட்டு ஆட்கள் அதையும் சேர்ந்து சொல்ல ஆரம்பித்தார்கள். இரண்டு சொல்லில் ஒவ்வொருவனாக நின்றுபோனான். மோசஸுக்கு ஒன்றும் புரியவில்லை. தம்பியைப் பார்த்தான். தம்பி தலையைக் குனிந்துகொண்டான்.

ராஜமாணிக்கம்தான் கோலை ஊன்றி முன்னால் வந்து அதை முழுசாகச் சொன்னான்:

“‘இவன் மேல நாத்தம் தாங்கல. சீக்கிரம் எடுத்து முடிங்கய்யா.’”

“சவுண்டைப் போடு!” துளசிராமன் எழுந்து கத்தினார். “யோவ், அந்த மிஷினை நிறுத்து! சும்மா எதையோ உளறுறானுங்க!”

“உளர்றமா?” ராஜமாணிக்கம் திரும்பினான். “வெளிய மூட்ட எறக்கறானே எங்க ஷெட்டு கோஷ்டி, அவன் படமே பாக்கல. அவன இட்டுக்கினு வா. தனியா நிக்கவெச்சிக் கேளு. ஒரு எழுத்து மாறிச் சொன்னான்னா என் இன்னொரு காலையும் வெட்டிக்கோ.”

“இவன் கால் போனதே அந்தக் குடிகாரனாலதான். அவனுக்கே பரிஞ்சு பேசறான் பாருங்க!” என்றார் துளசிராமன் வக்கீலிடம்.

“என் காலப் பத்தி நீ பேசாத. மணி எனக்கும்தான் கேக்கல. கேட்டிருந்தா நான் நகந்திருக்கமாட்டனா? என்னை இன்னாத்துக்குக் குடிகாரன்னு எழுதல? காலு போனவன எழுத வெக்கமா இருந்துச்சா?”

பிளக்கைப் பிடுங்க ஒரு ஆள் ஓடினான். பெண்கள் எழுந்துவிட்டார்கள்; அவன் வயரை எட்டவில்லை. பொரியும் சுண்டலும் நாற்காலிகள்மேல் பறந்தன. “ஒனக்கு நாறுதா? எங்க ஆளுங்க வேர்வ ஒனக்கு நாறுதா? அவன் வேர்வயில வாங்கின காருதான நீ ஏறி வர்றது?” என்று ஒருத்தி கத்தினாள்.

கிருஷ்ணஸ்வாமி கையை உயர்த்தினார். சத்தமில்லாமல் இன்னொரு தடவை ஓட்டச் சொன்னார். வெளியிலிருந்து மூட்டை இறக்குகிறவர்களை ஒவ்வொருவராக வரவழைத்தார். ஒவ்வொருவனும் திரையைப் பார்த்து அதையே சொன்னான். மூன்றாமவன் சொன்னதும் வக்கீல் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

“துளசிராமன், அந்த ஆர்டரைக் குடுக்காதேள். நான் மறுபடி விசாரிக்கணும். அந்த ஷெட்டுக்குள்ளயே நின்னு விசாரிக்கணும்.”

“சார், வாயசைவெல்லாம் சாட்சியா?”

“உங்களுக்கு அது சாட்சியா இருந்தப்போ நான் ஒத்துண்டேனே” என்றார் அவர். அவருக்கும் கோபம்தான். கோபம் யார்மேல் என்று முகத்தில் தெரியவில்லை.

பூஜை முடிந்த மறுநாள் ஹேமரை யாரும் ஓட்டவில்லை. சங்கம் சொல்லவில்லை, நோட்டீஸ் ஒட்டவில்லை. ஷிப்டுக்கு வந்தார்கள், அட்டையைக் குத்தினார்கள், ஹேமரைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். துளசிராமன் வந்து கத்தியபோது, காது கேட்கவில்லை என்று சைகை காட்டினார்கள். கத்திவிட்டு அவர் போனதும் ஒருவரை ஒருவர் பார்த்து வாயசைத்துச் சிரித்தார்கள். விசாரணை திரும்பத் தொடங்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

மோசஸ் வந்து வாக்குமூலம் கொடுத்தான். குரல் என்னுடையது, ஹேமர் தண்டவாளத் துண்டு, ஷெட்டின் சத்தம் மைக்குக்கே தாங்கவில்லை, எனக்கே காது ரீங்காரம் போட்டது என்றெல்லாம் சொன்னான். கிருஷ்ணஸ்வாமி ஷெட்டுக்குள் நின்று மணியை அடிக்கச் சொன்னார். மணியின் நாக்கு ஆடியதைத்தான் அவரால் பார்க்க முடிந்தது. ஆசீர்வாதத்தின்மேல் இருந்த குற்றச்சாட்டு போயிற்று. ஹேமரிலிருந்து எடுத்து ஸ்டோரில் போட்டார்கள். காதுக்கு யாரும் எதுவும் செய்யவில்லை, செய்யவும் முடியாது. ஷெட்டில் ஹேமர் திரும்ப ஓடியது. காதில் அடைத்துக்கொள்ள ஆளுக்கு ஒரு பிடி பஞ்சு கொடுத்தார்கள். அதற்காக இன்னும் சண்டை போட வேண்டியிருந்தது.

கம்பெனிப் படங்கள் எதுவும் அதன்பிறகு மோசஸின் தியேட்டருக்கு வரவில்லை. தியேட்டர் முதலாளி வாய்க்கு வந்தபடி திட்டினார். பாடகர்கள் விடவில்லை என்பதால் வைத்துக்கொண்டார்.

வாக்குமூலம் கொடுத்த அன்று கம்பெனி கேட்டுக்கு வெளியே காரின் மேல் கையை வைத்துக்கொண்டு மோசஸ் நின்றான். ஆசீர்வாதம் பக்கத்தில்.

“அந்தாளு நாத்தம்னு சொன்னத அன்னிக்கு விசாரணையிலயே பாத்தியாடா?”

“பாத்தேன்.”

“ஏன் சொல்லல?”

“எழுதிக்கோங்கன்னு சொல்றதுக்கு அதுவா விசயம்? வெக்கமா இருந்துச்சி.”

மோசஸ் ரோட்டைப் பார்த்தான். லாரி ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. புழுதி அடங்குவதற்குள், ரோட்டைப் பார்த்தபடியே, பல நாட்களாகத் தொண்டையில் வைத்திருந்ததைச் சொல்லிவிட்டான். தப்பு பண்ணிட்டேன், ஒன் வாயில என் பேச்ச வெச்சிட்டேன், மன்னிச்சிருடா என்றான்.

ஆசீர்வாதம் அவன் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினான். இரும்பு பிடித்த கை, வலித்தது.

“அங்க பாத்துக்கினு யாராண்ட சொல்ற? மூஞ்சியக் காட்டிச் சொல்லு.”

மோசஸ் சொன்னான். ஆசீர்வாதம் கண் இமைக்காமல் அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“இன்னொரு தபா சொல்லு. வாய நல்லாத் தொறந்து.”